தொட்டுப் பார்த்தவர் வாங்கிய கேமரா

என் வீட்டுக்காரருக்கு வீடு பார்க்கிற வேலை. வாடகைக்கு வீடு பிடித்துத் தருகிற தரகர் என்று நினைத்துப் பாதிப் பேர் போன் செய்வார்கள். அது இல்லை. ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்தவர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் போய் அந்த வீட்டுக்கு எங்கெங்கே என்ன கோளாறு என்று பார்த்து எழுதிக் கொடுப்பார். இருபத்து மூன்று வருஷமாக இதே பிழைப்பு. எழுதிக் கொடுப்பார் என்றேனே தவிர, எழுதுகிறவள் நான்தான். அவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன்.

அவருடைய சாமான்கள் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். டார்ச், கோலிக்குண்டு, ஸ்க்ரூ டிரைவர். கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று உருண்டு காட்டிவிடும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், பூச்சு உள்ளே விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும். ஈரத்துக்கு மட்டும் கை. வலது புறங்கையைக் கணுக்கால் உயரத்தில் ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை, தோள் உயரத்தில் ஒருமுறை சுவரில் வைத்து எடுப்பார். ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு சுவரிலும், இரண்டடிக்கு ஒருதரம். "உள்ளங்கை கண்டதையும் பிடிச்சுக் காய்ச்சுப்போயிருக்கும். புறங்கைக்குத்தான் சூடு சுரணை உண்டு" என்பார். புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டைக் கண்டால் அவருக்கு ஆகாது. விற்கிறவர்கள் பெருமையாகச் சுவரைக் காட்டும்போது, யாரோ முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து நிற்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தப் புறங்கைக்குத்தான் உணர்ச்சி போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை. முதலில் காலில் வந்தது. தெருவில் நடந்துகொண்டே இருப்பார், ஒரு செருப்பு பின்னால் கழன்று கிடக்கும், இவர் பாட்டுக்கு மற்றதோடு போய்க்கொண்டிருப்பார். நான் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அது எனக்குத் தெரியும். கைக்கும் வந்துவிட்டது என்பது பற்றி மனிதர் மூச்சுவிடவில்லை. வீடு பார்க்கிறவருக்குக் கை போய்விட்டால் வேலையும் போச்சு, சொன்ன சொல்லும் போச்சு. அதை மறைப்பதற்காகத்தான் கேமரா வாங்கக் கிளம்பினார் என்று கேமரா வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு வருஷமாகவே போன் செய்கிறவர்கள், "உங்ககிட்ட தெர்மல் கேமரா இருக்கா சார்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சூட்டை மஞ்சளாகவும் குளிர்ச்சியை நீலமாகவும் படம் பிடித்துக் காட்டுகிற கேமரா அது. இவர், "இருபது வருஷக் கை இருக்கு" என்பார். அவர்கள், "சரி, யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிடுவார்கள். யோசித்தவர்கள் யாரும் திரும்பக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. இவரும் அலட்டிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை டீயைக் குடித்துக்கொண்டே, "நாமும் ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். ஒன்பது வருஷமாக ஒரே போனை ரப்பர் பேண்ட் போட்டு வைத்துப் பேசுகிற ஆள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தொழில் மேல் அக்கறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

என் தம்பி எலெக்ட்ரீஷியன். அவனிடம் போனில் சொருகுகிற மாதிரி ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அதைக் கொண்டுவந்து எங்கள் ஃப்யூஸ் பெட்டியைக் காட்டினான்.

"பாருங்க அத்தான், சூடா இருக்கற ஒயர் மஞ்சளா தெரியுது. இது போதும் உங்களுக்கு. எதுக்கு வீணா செலவு?"

இவர் அதை வாங்கி எங்கள் பாத்ரூமுக்கு வெளிச்சுவரில் பிடித்தார். குழந்தை வாட்டர் கலரைக் கொட்டிவிட்ட மாதிரி ஊதாவும் நீலமுமாக ஏதோ தெரிந்தது. அது சுவரா, சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒயர் சுட்டால் நாற்பது டிகிரி வித்தியாசம் வரும், எந்தக் கேமராவும் காட்டிக்கொடுத்துவிடும். ஈரச் சுவர் பக்கத்துச் சுவரைவிட ஒரு டிகிரி குளிர்ந்திருந்தாலே பெரிய விஷயம். அதுவும் போன் சார்ஜையெல்லாம் குடித்துவிட்டு அரைமணி நேரத்தில் அணைந்து போயிற்று. தம்பி, "எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

அளவெடுக்கிற கருவிகள் விற்கிற கடை ஒன்று இரண்டாவது மாடியில் இருந்தது. கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்ததும் சிநேகமாகிவிட்டோம். மேஜையில் மூன்று கேமராக்களை வரிசையாக வைத்தார். சின்னது, நடுத்தரம், துப்பாக்கி மாதிரி ஒன்று.

"எல்லாரும் எத்தனை புள்ளின்னுதான் கேப்பாங்க" என்றார். "இதுல அகலத்துல எண்பது புள்ளி, இதுல நூத்தி அறுபது, பெருசுல முந்நூத்தி இருபது. புள்ளி கூடுனா படம் தெளிவா இருக்கும், தூரத்துலேருந்து பாக்கலாம். ஆனா வீட்டுக்கு அதைவிட முக்கியம், எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்குதுங்கறது. சின்னது பத்துல ஒரு பங்கு டிகிரிதான் பிடிக்கும். மத்த ரெண்டும் அதுல பாதியக்கூடப் பிடிச்சிரும்."

"பெருசு எவ்வளவு சூடு வரைக்கும் காட்டும்?" என்று இவர் கேட்டார்.

"அறுநூறு டிகிரி."

"வீட்டுக்கு எதுக்குங்க அறுநூறு டிகிரி?" என்றேன் நான். "வீடு பத்தி எரியறப்பவா உள்ள போய் ரிப்போர்ட் எழுதப் போறாரு?"

கடைக்காரம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கை மறுபடி மறுபடி அந்தப் பெரியதிடமே போயிற்று. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இதுல பாத்தா இந்த இடம் ஈரம்னு நிச்சயமா சொல்லிடலாமா?"

"எந்தக் கேமராவும் ஈரத்தைக் காட்டாது சார். குளிர்ச்சியத்தான் காட்டும். ஈரத்தாலயும் குளிரும், பின்னாடி காத்து வந்தாலும் குளிரும், நிழல்ல இருந்தாலும் குளிரும். இங்க சந்தேகம்னு இது சொல்லும். அப்புறம் நீங்க தொட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

"தொடாம சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"தொடறதுல என்ன சார் கஷ்டம்? இருபது வருஷமா தொட்டுத்தான் பாக்கறீங்கன்னு இப்பத்தான் சொன்னீங்க?"

இவர் முகம் சுண்டிப்போயிற்று. வலது கையை மெதுவாக எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையைத்தான் மறைக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, நடுத்தரத்தையும் பெரியதையும் நான்கு நாள் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் ஒரு ஃப்ளாட் பார்க்க வேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். விற்கிறவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, பயந்த சுபாவம். ஒவ்வொரு அறைக்கும் எங்கள் பின்னாலேயே வந்து, யாரும் கேட்காமலே, "இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாத்ரூமில் பளபளவென்று கறுப்பு டைல்ஸ். இவர் பெரிய கேமராவை நீட்டினார். திரையில் சுவருக்குள் ஆள் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு சூடு.

"சுடுதண்ணிக் குழாய் உள்ளயே கசியுது. எழுதிக்கோ" என்றார்.

குமாஸ்தாவுக்கு வேர்த்துவிட்டது. "சார், அந்தச் சுவத்துல குழாயே கிடையாது சார்!"

"வீட்டுக்காரங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று இவர் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். கசிவும் இரண்டடி நகர்ந்தது. வலப்பக்கம் வந்தார். கசிவும் கூடவே வந்தது.

"என்னங்க, இடது கையைத் தூக்குங்க" என்றேன்.

தூக்கினார். சுவருக்குள் இருந்த கசிவும் ஒரு கையைத் தூக்கிற்று. கண்ணாடிபோல மெருகு ஏறிய டைல்ஸில் இவர் உடம்புச் சூடே திரும்பி வந்து விழுகிறது, அவ்வளவுதான். குமாஸ்தா தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அசடு வழிந்துகொண்டு நின்ற இவரும் ஒருவழியாகச் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பழைய ஆளா இருந்தா முதல்ல தொட்டிருப்பேன்" என்று தன்னையறியாமல் சொன்னார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கேமராவுக்கும் பரீட்சை வைத்தோம். யோசனை அவருடையதுதான். நான் வராந்தாச் சுவரில் ஸ்பாஞ்சால் நான்கு இடத்தை நனைத்துத் துணியால் ஒற்றிவிட வேண்டும். அவர் கால்மணி கழித்து வந்து கேமராவில் கண்டுபிடிக்க வேண்டும். நடுத்தரம் நான்கையும் காட்டிற்று. பெரியதும் நான்கைத்தான் காட்டிற்று, கொஞ்சம் அழகாக.

"அப்புறம் என்ன, நடுத்தரமே போதும்" என்றேன்.

"பெருசே இருக்கட்டும்."

"எதுக்குங்க? ஒரு வருஷம் சம்பாதிச்சதைக் கொண்டுபோய்க் கொட்டணுமா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இரண்டு கேமராவையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன். "சரி, இப்பக் கையால பாருங்க" என்றேன். அவர் நேராகப் போய் அதே நான்கு இடத்திலும் கையை வைத்து, இங்கே ஈரம், இங்கே ஈரம் என்றார். நடுவில் ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை. விடையை மனப்பாடம் செய்துகொண்டு வந்த பையன் ஒப்பிப்பதுபோல இருந்தது.

"கண்ணை மூடுங்க."

"விளையாடாதே."

"மூடுங்கன்னு சொல்றேன்."

மூடினார். நான் ஸ்பாஞ்சை வாளியில் முக்கி, பிழியாமல் அப்படியே தோள் உயரத்தில் சுவரில் அழுத்தினேன். தண்ணீர் கோடு கோடாக இறங்கிற்று. அவர் மணிக்கட்டைப் பிடித்து அந்த இடத்தில் புறங்கையை வைத்தேன். தண்ணீர் அவர் புறங்கையில் வழிந்து, விரல் நுனியிலிருந்து தரையில் சொட்டத் தொடங்கியது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ரொம்ப நேரம் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

"காய்ஞ்சிருக்கு" என்றார்.

அவராகக் கண்ணைத் திறந்து சுவரையும் கையையும் பார்த்தார். அப்படியே வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. சரியாயிடும்னு நெனச்சேன்."

"இந்த ரெண்டு வருஷமும் என்னை என்ன எழுத வெச்சீங்க?"

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. கை போனதற்காக இல்லை. அது யாருக்கு வேண்டுமானாலும் போகும். 'சுவர்களில் ஈரம் இல்லை' என்று அவர் சொல்ல, நூற்று முப்பது வீட்டுக்கும் மேலாக நான் தட்டியிருக்கிறேன். எழுத்துப்பிழை பார்த்து, தேதி போட்டு, அழகாக அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். மூக்கும் கண்ணும் காதும் அவருக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, எல்லாமே தப்பாக இருக்காது. புதிதாகப் பெயிண்ட் அடித்த வீடுகள்தான் வினை. அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைதான் சொல்ல வேண்டும்.

"கை செத்துப்போச்சுன்னு சொன்னா யாரு என்னைக் கூப்பிடுவாங்க?" என்றார். "பெரிய கேமராவா இருந்தா தொடச் சொல்லிக் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"கேமரா வாங்கலாம். அதை எடுத்துக்கிட்டு முதல்ல பழைய வீட்டுக்குத்தான் போகணும். இல்லன்னா இனிமே ரிப்போர்ட்டை நீங்களே தட்டிக்குங்க."

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இவருக்குக் கையில உணர்ச்சி இல்லம்மா. அதுக்குத் தகுந்த மாதிரி குடுங்க." கடைக்காரம்மா ஐயோ பாவம் என்றெல்லாம் உச்சுக்கொட்டவில்லை. பெரியதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு ஊசி நீட்டிய ஒரு சின்னக் கருவியை எடுத்து வைத்தார். ஊசியைச் சுவரில் அழுத்தினால் எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். ரொம்ப ஈரமென்றால் சிவப்பு விளக்கு எரியும்.

"கேமராவுல சந்தேகப்படுங்க, இதுல குத்திப் பாத்து முடிவு பண்ணுங்க. இதை முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே குடுத்திருப்பேனே சார்" என்றார்.

நடுத்தரக் கேமராவும் ஊசி மீட்டரும் வாங்கிக்கொண்டு வந்தோம். பழைய ரிப்போர்ட்டுகளிலிருந்து புதுப் பெயிண்ட் அடித்த வீடுகளை மட்டும் பிரித்தேன். முப்பத்தொன்று. எங்கே தொடங்கலாம் என்று நான் கேட்பதற்குள் அவரே ஒன்றை உருவினார். நான்காவது மாடி ஃப்ளாட், வாங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது. இளம் தம்பதி. "இந்த வீட்டுப் படுக்கையறையில ரொம்ப நேரம் கைய வெச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். "ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியலன்னா ஈரம் இல்லன்னு எழுதிக்கலாம்னு எழுதிட்டேன்."

அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடிக்கும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் காலி வாளியோடு ஏறி வந்தாள். எங்களைப் பார்த்ததும், "நீங்கதானே போன் பண்ணினீங்க? வாங்க, வாங்க" என்று முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். அவள்தான் அந்த வீட்டுக்காரி.

படுக்கையறைக்குள் போய்க் கேமராவை நீட்டியதுமே தெரிந்துவிட்டது. கட்டிலின் தலைமாட்டுச் சுவர், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் கருநீலம். ஊசியைக் குத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் குத்தினார். அங்கேயும் எரிந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. யார் தொட்டாலும் தெரிகிற ஈரம். இவர் குனிந்து, கட்டிலுக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரால் பெயிண்டைச் சுரண்டினார். மேல் பெயிண்டுக்குக் கீழே இருந்த பழைய பெயிண்டுக்கும் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இது நேத்து வந்த ஈரம் இல்லம்மா" என்றார். "நீங்க வாங்கறதுக்கு முன்னாலயே இருந்திருக்கு. வெளிச்சுவத்துல மழைத்தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கணும்."

"நீங்க பாத்துட்டு ஈரம் இல்லன்னுதானே சார் எழுதினீங்க?"

"தப்பா எழுதிட்டேன். என் கைக்கு உணர்ச்சி கிடையாது. அப்பவே கிடையாது. உங்ககிட்ட மறைச்சேன்."

அவள் கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தினால் எப்படிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"முதல் மழைக்கே இங்க பூஞ்சை வந்துச்சு" என்றாள். "என் வீட்டுக்காரர் உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தாரு. வாங்கும்போது ஈரம் இல்லன்னு போட்டிருக்கு, அப்போ நாம வந்த பிறகுதான் வந்திருக்குன்னாரு. நான் துணிய வீட்டுக்குள்ள காயப்போடறதாலதான், ஜன்னலைத் திறக்காம சமைக்கறதாலதான்னு சொன்னாரு. அன்னிலேருந்து நாலு மாடி இறங்கித்தான் துணி காயப்போடறேன். குளிர்லயும் ஜன்னலைத் திறந்துதான் வெக்கறேன். மாமியார் வந்தா செருப்பைக் கழட்டினதும் நேரா இந்தச் சுவத்தைத்தான் வந்து பாப்பாங்க. பாத்துட்டு என்னைப் பாப்பாங்க."

இவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். நீங்க அவ்வளவு நேரம் கைய வெச்சுப் பாத்தீங்களே. அப்படிப் பாத்தவர் தப்பாச் சொல்லுவாரா, நான்தான் வீட்டை ஒழுங்கா வெச்சுக்கலைன்னு நெனச்சேன்."

"இதைச் சரிபண்ண ஆகறதை நான்..." என்று இவர் தொடங்கினார்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். "என் வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். ஒரு ஆண் குரல், "என்ன, சொல்லு" என்றது. இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வீடு பாத்துக் குடுத்தவன் பேசறேன் தம்பி. உங்க படுக்கையறைச் சுவர் நீங்க வாங்கும்போதே ஈரமாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பா எழுதிட்டேன். உங்க வீட்டம்மா துணி காயப்போட்டதால வந்தது இல்ல."

அந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார், சாயந்திரம் வந்து பேசறேன்" என்றது குரல்.

"வெச்சுடாதீங்க" என்று அவள் போனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு இவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். மெதுவாச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் மெதுவாக இன்னொரு தடவை சொன்னார்.